மதிப்பெண்ணோடு தொகுதியையும் பார்க்க வேண்டும்

வெஸ்ட் பாயிண்ட் போன்ற அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் இடம் கிடைப்பது வெறும் அதிர்ஷ்டம் என்று அந்தக் கல்லூரிகளைப் பற்றிய ஒரு கட்டுரையை எழுதியவர் முடித்துவிட்டார். எனக்கு உடன்பாடில்லை.

நியூ ஜெர்சியில் வளரும் என் அக்கா மகன் விண்ணப்பித்தபோது, சிங்கப்பூரின் ஈசூனில் இருந்தபடி இரவெல்லாம் அக்காவோடு போனில் பேசித்தான் அந்த முறையைப் புரிந்துகொண்டேன். படிப்பு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டினாலும் பெரும்பாலோருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் அங்கே படிக்கலாம். ஆக, பிள்ளை முதலில் மோதுவது தன் தொகுதிக்காரர்களோடு. பக்கத்துத் தொகுதியில் இருந்த அவன் நண்பன் மதிப்பெண்ணில் குறைந்தவன். அவனுக்கு இடம் கிடைத்தது. எங்கள் பையனுக்கு வந்த பதில், தகுதி உண்டு, இடமில்லை. அந்த வரியை அக்கா மூன்று முறை வாசித்துக் காட்டினாள்.

இங்கேயும் மதிப்பெண் மட்டும் பேசுவதில்லை. தேசிய சேவையின் அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் என் மகனுடைய பிரிவில் குறிபார்த்துச் சுடுவதில் முதலாக வந்தவன் அதிகாரிப் பயிற்சிக்குப் போகவில்லை. கால் பிசகிய தோழனின் பையையும் சேர்த்துச் சுமந்து நடந்தவன் போனான். உடன் பயிற்சி பெறுவோரின் மதிப்பீடும் அந்தத் தேர்வில் சேர்கிறது.

ஒன்றை அந்தக் கட்டுரையில் அவசியம் சேர்த்திருக்க வேண்டும்: வெஸ்ட் பாயிண்டில் இடம் கிடைக்காதவர் மறு ஆண்டும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பை மட்டும் தாண்டியிருக்கக் கூடாது.