ஆட்டுக்கல்லைக் கவிட்ட பாம்பு உண்டோ?

சுரேன்: அன்ரி, பாம்புக்கு ஒரு சட்டி வேணும்.

பூமணி அக்கா: பாம்புக்கு எண்டா இந்தச் சின்னச் சட்டி காணும் தம்பி. ஒரு முட்டையும் ஒரு சுண்டு பாலும் கொள்ளும். எந்தக் கோயில்?

சுரேன்: கோயிலுக்கில்லை அன்ரி, வீட்டுக்கு.

அக்கா: வீட்டுக்குள்ளேயே புத்தோ! அப்ப தோசம் கடுமைதான். வயசென்ன?

சுரேன்: எனக்கோ, பாம்புக்கோ?

அக்கா: பாம்புக்குக் கலியாணம் பேசவோ வந்தனீங்க? உங்களுக்குத்தான்.

சுரேன்: 33.

அக்கா: 33க்கு ஒரு சட்டி காணாது. ரெண்டாக் கொண்டுபோங்கோ.

சுரேன்: ஐயோ அன்ரி, தோசமும் இல்லை, நேர்த்தியும் இல்லை. நான் பாம்பு வளக்கிறன். ரொறன்ரோவில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. போல் பைதன் எண்டு சொல்லுவினம், ஆபிரிக்கா மலைப்பாம்பு. நாலடிதான் வரும். பேர் மீனு.

அக்கா: ஆசைக்கோ?

சுரேன்: ஓம், ஆசைக்கு.

அக்கா: அப்ப 33 ஏன் எண்டு விளங்குது.

(பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள அக்காவின் கடையில், கையில் ஒரு தும்புத்தடியோடு விலை கேட்கக் காத்து நின்றவள் நான். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் இதுதான் கதை. லீவில் வந்தவர்கள் கடையில் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் தூக்கி, தட்டி, படம் எடுத்து, விலை குறைத்துக் கேட்டு முடிக்கும்வரை ஊர்க்காரருக்கு முறை வராது.)

அக்கா: இஞ்ச மலைப்பாம்பைப் பிடிச்சு வீட்டில வச்சா வனசீவராசிக்காரர் வந்து பாம்பை விட்டிட்டு ஆளைக் கொண்டுபோயிடுவாங்க. சரி, அங்க விடுறாங்களாக்கும். பால் எவ்வளவு குடிக்கும்?

சுரேன்: பாம்பு பால் குடிக்காது அன்ரி. அதுக்குச் செமிக்காது. தண்ணிதான். அந்தத் தண்ணிச் சட்டியைத்தான் ஒவ்வொரு ராவும் கவிட்டுக் கொட்டுது.

அக்கா: கையுமில்லை, காலுமில்லை. எப்பிடிக் கவிட்டும்?

சுரேன்: அடியில தலையைக் குடுத்து நெம்பும். இல்லாட்டி விளிம்பில ஏறிப் பாரத்தைப் போடும். தண்ணி கொட்டினா படுக்கை முழுக்க ஈரம். ஈரத்திலேயே கிடந்தா வயித்துச் செதில் அழுகிப்போகும். அதுதான் கவிழாத சட்டி ஒண்டு தேடுறன்.

அக்கா: கவிழாததோ? அப்ப ஆட்டுக்கல் எடுங்கோ.

சுரேன்: (சிரித்து) இல்லை அன்ரி, பகிடி விடாதேங்கோ. அதுக்கு முறை இருக்கு. முதல்ல நல்ல கனம் வேணும்.

அக்கா: ஆட்டுக்கல்.

சுரேன்: வாயை விட அடி அகலமா இருக்க வேணும். உயரம் குறைவா.

அக்கா: ஆட்டுக்கல்.

சுரேன்: கீழ தலையைக் குடுக்க இடைவெளி இருக்கக்கூடாது. படுக்கைக்கு மேல வச்சா ஆடும், அதால படுக்கையை விலக்கிப்போட்டு, பெட்டியின்ர அடித்தட்டிலேயே வைக்க வேணும்.

அக்கா: எங்கட அம்மா ஆட்டுக்கல்லைக் குசினி மூலையில அப்பிடித்தான் பதிச்சு வச்சவ. ஐம்பது வருசம் இருந்தது. ஒரு பாம்பும் கவிட்டேல்லை.

சுரேன்: தோல் கழட்டுற நேரத்தில அது உள்ளுக்கு இறங்கிச் சுருண்டு கிடக்கவும் இடம் வேணும் அன்ரி. அதுக்காக முட்ட முட்ட ஊத்தவும் ஏலாது. அது இறங்கின உடன தண்ணி வழியும். அரைவாசிதான் ஊத்துறது.

அக்கா: ரெண்டு ஆட்டுக்கல் பின்னுக்கு நிக்குது. கிறைண்டர் வந்த நாளில இருந்து தொட ஆளில்லை. மீனுவாவது தொடட்டும்.

சுரேன்: பிளேனில ஒரு பாக்குக்கு 23 கிலோதான் அன்ரி!

அக்கா: அப்ப மீனுவை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. சரி, இந்தத் தயிர்ச்சட்டியைப் பாருங்கோ. அகலம், பதிவு, விலையும் குறைவு.

சுரேன்: மண்சட்டி கசியும். அடி எப்பவும் ஈரமா இருக்கும். மினுக்கம் பூசின பீங்கான் எண்டாத்தான் கழுவவும் சுகம், ஊத்தையும் பிடிக்காது.

அக்கா: கசியிறதோ குறை? தம்பி, மண் தண்ணியைக் குடிக்கிறதாலதான் கிண்ணியாத் தயிர் கத்தியால வெட்டுற மாதிரி இறுகி இருக்குது. பீங்கானில உறைய வச்சுப் பாருங்கோ, மோராத்தான் நிக்கும். என்ர சட்டிக்கு நீங்க சொன்ன நோய்தான் அதின்ர குணம்.

சுரேன்: தயிருக்குச் சரி. மீனுவுக்குச் சரிவராது. அதோட, சில நேரம் அது தண்ணிக்குள்ளேயே வெளிக்கும் இருந்திடும். உடன ஊத்தி, உரஞ்சிக் கழுவ வேணும்.

அக்கா: ஆர் கழுவுறது?

சுரேன்: நான்தான். ஒரு நாள் தவறமாட்டன்.

அக்கா: நீங்க சாப்பிட்ட கோப்பை?

சுரேன்: ...அது அம்மா.

அக்கா: மீனு குடுத்து வச்சவள்.

(சுரேன் சட்டிகளுக்குள் குனிந்து நெடுநேரம் எதையோ தேடினார்.)

சுரேன்: பெட்டிக்குள்ள ஒரு பக்கம் சூடு அன்ரி, 32 பாகை. மற்றப் பக்கம் குளிர்ச்சி. சட்டியைக் குளிர்ச்சியான பக்கம்தான் வைக்கிறது. சூட்டுப் பக்கம் வச்சா ஆவியாகி ஒரே புழுக்கம்.

அக்கா: இஞ்சயும் 32தான். எங்களுக்கு மற்றப் பக்கம் எண்டு ஒண்டு இல்லை. இப்ப அதுக்கு ஆர் சாப்பாடு?

சுரேன்: கூட்டாளி ஒருத்தன் பாக்கிறான். பத்து நாளைக்கு ஒரு எலி. ஐஸ் பெட்டியில இருக்குது, எடுத்து இளக்கிக் குடுக்க வேணும்.

அக்கா: இறைச்சிக்குப் பக்கத்திலயோ?

சுரேன்: தனிப் பையில அன்ரி.

அக்கா: அம்மாவுக்குத் தெரியுமோ?

சுரேன்: ...

அக்கா: சரி, அதை விடுவம். படுக்கை எண்டீங்களே, பாயோ மெத்தையோ?

சுரேன்: தென்னந்தும்பு, தென்னஞ்சோறு. ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், மணக்காது. பகிடி என்னெண்டா, அது இலங்கையில இருந்துதான் வருது. பையிலேயே போட்டிருக்கு.

அக்கா: எங்கட தும்போ?

சுரேன்: ஓம் அன்ரி, எங்கட தும்புதான்!

அக்கா: தும்புக்கு விசா குடுத்திருக்கினம். என்ர மூத்தவனுக்கு ரெண்டு தரம் இல்லையெண்டு கடிதம் வந்தது.

(என் கையிலிருந்த தும்புத்தடியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நல்ல நேர்த்தியாகத்தான் கட்டியிருந்தார்கள்.)

சுரேன்: அந்தா, அது என்ன? கருங்கல்லு மாதிரி.

அக்கா: இஞ்சி, உள்ளி இடிக்கிற சின்ன உரல். நாலு கிலோ வரும். அடி அகலம்.

சுரேன்: இது நல்லா இருக்கே! நெம்பவே ஏலாது. குடிக்கிறதுக்கு இது காணும். ஆனா உள்ளுக்கு இறங்கிக் கிடக்க இடம் காணாது...

அக்கா: கிடக்கிறதுக்கு ஆட்டுக்கல்.

சுரேன்: அன்ரி!

அக்கா: சரி சரி. 2,800.

சுரேன்: 2,500க்குத் தாங்கோவன்.

அக்கா: அங்க இப்பிடி ஒரு சட்டி என்ன விலை?

சுரேன்: நல்ல பீங்கான் எண்டா 40 டொலர்.

அக்கா: எங்கட காசில?

சுரேன்: எட்டாயிரத்துக்கு மேல வரும்.

அக்கா: அங்க குறைச்சுக் கேக்கிறனீங்களோ?

சுரேன்: அங்க அப்பிடிக் கேக்கேலாது அன்ரி. விலை ஒட்டியிருக்கும்.

அக்கா: (ஒரு பழைய பேப்பரைக் கிழித்து, 2,800 என்று எழுதி, சோற்றுப் பருக்கையால் உரலில் ஒட்டி) இந்தா, ஒட்டியாச்சு.

(சுரேன் மூன்று ஆயிரம் ரூபாய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமலே உரலைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் போய் 200 ரூபாயை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்துதான் அக்கா மூச்சு வாங்கினாள்.)

அக்கா: என்ன பிள்ளை, தும்புத்தடியோ? 650.

நான்: போன மாசம் 500 எண்டுதானே அக்கா தந்தீங்க?

அக்கா: போன மாசம் எனக்குத் தெரியாது பிள்ளை, இது கனடாவுக்குப் போற சாமான் எண்டு.