வெள்ளவத்தையில் அக்கினி நட்சத்திரம்

அன்ரி: தம்பி, இது சூடா, குளிர்ச்சியா?

தம்பிலிக்காரர்: செவ்விளநீர் அம்மா. மரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

அன்ரி: அதைக் கேட்கவில்லை, உடம்புக்கு எப்படி என்று கேட்டேன். அக்கினி நட்சத்திரம் அல்லவா நடக்கிறது, மே 28 வரைக்கும் கவனமாக இருக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

தம்பிலிக்காரர்: எந்த ஊரில் நடக்கிறது?

அன்ரி: சென்னையிலிருந்து அண்ணி அனுப்பினார்.

தம்பிலிக்காரர்: அப்போ சென்னையில் நடக்கிறது. இங்கே கொழும்பில் தென்மேல் பருவமழை வந்து கதவைத் தட்டுகிறது, நேற்று ராத்திரி இந்த ஒழுங்கை முழுக்கத் தண்ணீர்.

அன்ரி: மழை வேறு, நட்சத்திரம் வேறு தம்பி.

தம்பிலிக்காரர்: நம்முடைய உச்சி வெயில் ஏப்ரலிலேயே போய்விட்டது அம்மா. 5ஆம் திகதியிலிருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே, கொழும்புக்கு 7ஆம் திகதிவாக்கில், ரேடியோவில் சொன்னார்கள். மத்தியானம் என் நிழல் என் காலடியிலேயே ஒளிந்து கிடந்தது. அன்றைக்கு நீங்கள் வந்து, "என்ன, 200 ரூபாயா" என்று கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் சோடா வாங்கிக்கொண்டு போனீர்கள்.

அன்ரி: (காதில் விழாத மாதிரி) ஐஸ் பெட்டியில் வைத்தது வேண்டாம். 40 டிகிரி வெயிலில் குளிர்ந்ததைக் குடித்தால் இரத்தக்குழாய் வெடித்துவிடுமாம்.

தம்பிலிக்காரர்: 40 டிகிரி எந்த ஊரில்?

அன்ரி: அதே அண்ணிதான்.

தம்பிலிக்காரர்: கொழும்பில் 31, 32தான் அம்மா. காற்றில் இருக்கிற ஈரத்துக்கு வியர்வை காய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இங்கே வெடிக்கிறது வேர்க்குரு மட்டும்.

அன்ரி: மாம்பழம் சூடு, பப்பாசி சூடு, முட்டை சூடு. இளநீர் குளிர்ச்சி, ஆனால் பொழுதுபட்ட பிறகு குடித்தால் சளி பிடிக்கும் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. இதை வெறும் வயிற்றில் குடிப்பதா, சாப்பிட்ட பிறகா?

தம்பிலிக்காரர்: காசு கொடுத்த பிறகு.

அன்ரி: பகிடி விடாதீர்கள். 11 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் வெயிலில் நிற்கவே கூடாதாம், தெரியுமா?

தம்பிலிக்காரர்: அதுவும் அண்ணியா? எனக்கும் ஒருக்கால் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாலு மணித்தியாலத்தில்தான் எனக்கு வியாபாரமே. ஃபேனுக்குக் கீழே இருக்கிற ஆட்களுக்குத்தான் இவ்வளவு எச்சரிக்கையும் வருகிறது, ரோட்டில் நிற்கிற எனக்கு இன்றுவரை ஒன்றும் வந்ததில்லை.

(பின்னால் என் முறைக்காக நின்ற நான் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதே செய்தி என் போனிலும் இருந்தது. மூன்று பேருக்கு அனுப்பியும் இருந்தேன்.)

அன்ரி: சரி, சரி, ஒன்று வெட்டுங்கள். வழுக்கை இருக்கிறதாகப் பார்த்து.

தம்பிலிக்காரர்: சூடா, குளிர்ச்சியா?

அன்ரி: வெட்டுங்கள் தம்பி.

(வெட்டி முடிப்பதற்குள் காலி வீதி கறுத்து, பெரிய துளிகளாகப் பொட்டுப் பொட்டென்று விழத் தொடங்கியது.)

அன்ரி: தம்பி, அந்தக் குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சரியுங்கள்.

தம்பிலிக்காரர்: 28ஆம் திகதி வரைக்கும் இப்படியே பிடிக்கவா அம்மா?