நல்ல காற்று, பழைய காத்தாடி

ஜூன், ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் பக்கம் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், வண்டியை நேராகப் பிடிப்பதே பெரும்பாடு. அப்படி அடிக்கிற காற்றிலும், மின்சாரம் எடுக்க வைத்த காற்றாலைக் காத்தாடிகள் சில சும்மா நிற்கும். கிட்டே போய்ப் பாருங்கள். செல்போன் டவர் மாதிரி இரும்புக் கோபுரம், உயரம் முப்பது மீட்டர் சொச்சம், மேலேயிருந்து ஆயில் வழிந்து காய்ந்த கறை.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றாலே புதிதாக எங்கே வைக்கலாம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். ஏற்கெனவே வைத்த இடத்தில் என்ன நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிப்பது போன்ற காற்று இந்தியாவில் அபூர்வம். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவற்றில் பல 225, 250 கிலோவாட் காத்தாடிகள்.

1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கியது தமிழ்நாட்டின் காத்தாடித் தொழில். தொண்ணூறுகளில் காத்தாடியின் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானம் என்று வரி கட்டவேண்டிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகை வந்தது. மில்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சுற்றினால் லாபம், சுற்றாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர்கள் பணம் போடாவிட்டால் இந்தத் தொழிலே இங்கே வேர்விட்டிருக்காது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அன்றைய 225 கிலோவாட் காத்தாடியின் இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். இன்றைக்கு 2.1 மெகாவாட் காத்தாடிக்கு 120 மீட்டர். காற்றைப் பிடிக்கும் பரப்பு கிட்டத்தட்ட 20 மடங்கு. உயரமும் 140 மீட்டர், அங்கே காற்றின் வேகம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு.

அப்புறம் ஏன் யாரும் மாற்றவில்லை? பேங்கிங்தான் முதல் காரணம். மே முதல் செப்டம்பர் வரை ஓடும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பழைய காத்தாடிக்கு அது வருடம் முழுக்க உண்டு. அதைக் கழற்றிவிட்டு இந்தச் சலுகையையும் இழக்க எவன் ஒத்துக்கொள்வான்? பழைய காத்தாடிகளை மாற்றுவதற்கென்று 2024இல் மாநில அரசு கொண்டுவந்த மறுசீரமைப்புக் கொள்கையை உரிமையாளர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது நிலம். இரண்டு ஏக்கர் ஒரு மில்லுக்கு, பக்கத்து மூன்று ஏக்கர் இன்னொருவருக்கு. பெரிய காத்தாடிக்கு நடுவில் நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒன்றே ஒன்று எழும்பும்.

டென்மார்க்கிலும் இதே சிக்கல் இருந்தது. 2001இல் அவர்கள் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சின்னக் காத்தாடியைக் கழற்றினால் ஒரு சான்றிதழ். அதை வைத்திருப்பவர் புதிதாக வைக்கும் காத்தாடிக்கு யூனிட்டுக்குக் கூடுதல் விலை. பழைய ஆளுக்கும் காசு, புது ஆளுக்கும் இடம்.

இங்கேயும் செய்யலாம். பழைய காத்தாடி சராசரியாகக் கொடுத்த யூனிட் அளவுக்குப் பழைய பேங்கிங்கை விட்டுவைக்கட்டும், அதற்கு மேல் வருவதற்குப் புது விதி போடட்டும். நிலம் கொடுத்தவர்களுக்குப் பங்கு கொடுக்கட்டும். சப்-ஸ்டேஷனையும் லைனையும் பெரிதாக்கும் செலவை மட்டும் உரிமையாளர் தலையில் கட்டக்கூடாது. கட்டினால் எவரும் அசையமாட்டார்கள், அந்த 225 கிலோவாட் காத்தாடிகள் இன்னும் பத்து வருடம் அங்கேயேதான் நிற்கும்.