எம்.டி. கையெழுத்து

(லேப்டாப் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர்.)

"இது ஆபீஸ் லேப்டாப்பா, சொந்த லேப்டாப்பா மேடம்?"

"என் சொந்த ஆபீஸ் லேப்டாப்."

"ஏதாவது ஒன்றுதான் டிக் பண்ண முடியும். ஆபீஸ் என்றே போடுகிறேன். உங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு மெயில் வேண்டும்."

"ஐ.டி. டிபார்ட்மென்ட்தான் அரை மணி நேரமாக உங்கள் எதிரில் நிற்கிறது தம்பி."

"ஓ, நீங்கள் ஐ.டி. ஆளா?"

"கணக்கு எழுதுகிறவள். ஐ.டி., எச்.ஆர்., ஆபீஸ் கூட்டுகிற ஆள் எல்லாம் நானே."

"சரி, என்ன கம்ப்ளைன்ட்?"

"டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. அமுக்கினால் இறங்க மாட்டேன் என்கிறது."

"டச்பேட் மாற்றிவிடலாம்."

"பாவம், அது என்ன செய்யும்? அடியில் பேட்டரி வீங்கி அதைத் தூக்குகிறது. மேஜையில் வைத்துப் பாருங்கள்."

(வைக்கிறார். லேப்டாப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது.)

"ஆமாம், உள்ளே கேஸ் சேர்ந்திருக்கிறது. இனிமேல் சார்ஜ் போடாதீர்கள். பார்ட் வர பத்து நாள் ஆகும்."

"அதுவரை?"

"ஆபீஸில் ஸ்பேர் லேப்டாப் தருவார்களே."

"எம்.டி.யிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார்."

"அப்படியென்றால் லீவு போடுங்கள்."

"அதையும் கேட்டேன். சம்பளம் கிடையாது என்கிறார்."

"ரொம்ப மோசமான எம்.டி. மேடம்."

"நான்தான் தம்பி அது."

"..."

"போன வாரம் எங்கள் எதிர் ஆபீஸுக்கு மட்டும் கூப்பிட்ட மறுநாளே ஆள் வந்து சரி பண்ணினாரே?"

"அது பிசினஸ் வாரன்டி, ஆன்சைட். உங்களுடையது கேரி இன்."

"இருநூறு லேப்டாப் வைத்திருப்பவருக்கு ஒன்று கெட்டால் நீங்கள் ஓடுவீர்கள். ஒன்றே ஒன்று வைத்திருப்பவள் சுமந்துகொண்டு வந்து டோக்கன் எடுக்க வேண்டும்."

"ரூல் மேடம். இதில் பாஸ்வேர்டு எழுதுங்கள்."

"பேட்டரி மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? உள்ளே ஊரார் வருமானக் கணக்கெல்லாம் இருக்கிறது."

"எல்லோரும் எழுதுவார்கள். அப்புறம், டேட்டா போனால் நாங்கள் பொறுப்பில்லை. மதர்போர்டும் மாற்ற வேண்டி வரலாம்."

"வீங்கியது பேட்டரி. மதர்போர்டு எங்கிருந்து வந்தது?"

"சும்மா, முன்கூட்டியே சொல்லி வைப்பது."

"சும்மா சொல்லாதீர்கள். போர்டை மாற்றினால், டேட்டாவைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர் திறக்க 48 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் படிவத்தில் எழுதச் சொல்வீர்கள்."

"எழுத இடம் பத்தாது மேடம். கீழே எம்.டி. கையெழுத்து வாங்கி வாருங்கள்."

"பேனாவைக் கொடுங்கள்."

(குரலைத் தாழ்த்தி) "மேடம், ஒன்று கேட்கலாமா? நானும் இந்த வேலையை விட்டுவிட்டு, தனியாக ஒரு ரிப்பேர் கடை போடலாம் என்று இருக்கிறேன்."

"எப்போது?"

"உங்கள் பார்ட் வருவதற்குள் திறந்துவிடுவேன்."