வீட்டுக் காவலுக்கு 2,000 டாலர் ஷாட்கன் வேண்டாம்

ஹூஸ்டன் பக்கம் நம் நண்பர்கள் கூடும் இடங்களில் சில மாதங்களாக ஒரே பேச்சு. வீடு புகுந்து கொள்ளையடிக்க யாராவது வந்தால் குடும்பத்தைக் காக்க ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல ஈயக் குண்டுகளைச் சுடும் நீளத் துப்பாக்கி, ஒன்று வேண்டும். அதுவும் கடையில் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் சாதாரண ஷாட்கன் போதாது, பட்டறையில் சொல்லிச் செய்து வாங்க வேண்டும் என்கிறார்கள். முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களையும் எனக்குத் தெரியும். இதைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை என்பதால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

என் பதில்: வேண்டாம். துப்பாக்கியே கூடாது என்று வாதாட வரவில்லை. என் வீட்டிலும் ஒரு ஷாட்கன் பெட்டகத்தில் பூட்டியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு அந்தப் பொருள் தகாது என்பதுதான் என் வாதம். பணம் போக வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன, அங்கே போகாமல் துப்பாக்கியிலேயே கரைகிறது என்பது என் கவலை.

விலையைப் பார்ப்போம். மாஸ்பெர்க் நிறுவனத்தின் மேவரிக் 88 சுமார் 250 டாலருக்குக் கிடைக்கிறது. அதற்கு மேல்படியான 590 வகை 500 டாலர் அளவில் வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 590ஏ1, 3,000 தோட்டாக்கள் சுட்டுப் பார்க்கும் அமெரிக்க ராணுவச் சோதனையில் தேறியது. ஒரு வீட்டுக்காரர் தன் ஆயுளில் அவ்வளவு சுடப்போவதில்லை. ரெமிங்டன் நிறுவனத்தின் 870 வந்தது 1950-இல். ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. இவை எல்லாமே உழைத்துக் காட்டிய இயந்திரங்கள். பெயர்பெற்ற பட்டறையில் செய்து வாங்கினாலோ 1,500 டாலரில் தொடங்கி 2,500-ஐத் தாண்டுவதும் உண்டு.

அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஆர்க்கன்சாவில் உள்ள வில்சன் காம்பாட், அரிசோனாவில் உள்ள வாங் காம்ப் இரண்டும் கைதேர்ந்த பட்டறைகள். அவர்கள் வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. குழலின் உட்புறத்தைக் கடைந்து தோட்டாவின் ஈயக் குண்டுகள் அதிகம் சிதறாமல் போகும்படி செய்வார்கள். பம்ப், அதாவது அடுத்த தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் முன்பிடி, நகரும் பாதையை வழவழப்பாக்குவார்கள், குறி பார்க்கும் வளையங்களை மாற்றுவார்கள், துருப்பிடிக்காத பூச்சு கொடுப்பார்கள், பக்கவாட்டில் தோட்டா செருகிக்கொள்ள இடம் அமைப்பார்கள். எல்லாமே நேர்த்தியான வேலைதான். ஆனால் குழலைக் கடைவதன் பலன் 25 கஜம், 30 கஜம் தள்ளி நிற்கும் இலக்கில்தான் தெரியும். சாலையில் காருக்குப் பின்னால் பதுங்கிய ஆளை எதிர்கொள்ளும் போலீஸ்காரருக்கு அது உயிர் காக்கும் விஷயம். என் வீட்டில் படுக்கையறைக் கதவிலிருந்து மாடிப்படி தலைப்பு வரை டேப் வைத்து அளந்தால் 30 அடிக்கும் குறைவு. கஜக் கணக்கில் பத்துகூட இல்லை. உங்கள் வீட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இந்தத் தூரத்தில் சிதறலை முடிவு செய்வது பெரும்பாலும் தோட்டாதான். சுடும் தளத்தில் 25 அடியில் அட்டையை மாட்டி, கடையில் வாங்கிய சாதாரணத் துப்பாக்கியால் நான் சுட்டுப் பார்த்திருக்கிறேன். மலிவான, பெரிய குண்டுகள் கொண்ட டபுள்-ஆட் பக்‌ஷாட் தோட்டா ஒன்றில் ஒன்பது ஈயக் குண்டுகள். அவை ஏழெட்டு அங்குலத்துக்கு விரிந்து, ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி ஓரத்தில் தனியாகத் துளைத்திருந்தது. அடுத்து ஃபெடரல் நிறுவனத்தின் ஃபிளைட்கன்ட்ரோல் தோட்டா, எட்டுக் குண்டு உள்ள வகை. குண்டுகளைத் தாங்கிப் போகும் பிளாஸ்டிக் கிண்ணம் குழலைத் தாண்டியும் கொஞ்ச தூரம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அட்டையில் தனித்தனித் துளைகளே இல்லை. ஓரம் கிழிந்த ஒரே ஓட்டை, உள்ளங்கையால் மூடிவிடலாம். குழல் அதே குழல்தான். பட்டறைக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் வித்தியாசத்தை ஒரு பெட்டி தோட்டா கொடுத்துவிட்டது.

விலகிப் போன அந்த ஒரு குண்டைத்தான் நினைக்க வேண்டும். இங்கே உள்சுவர்கள் செங்கல் அல்ல. மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைகள். பக்‌ஷாட் குண்டுகள் அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கட்டில் கிடக்கும்.

ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், திசை காட்டிச் சுட்டால் போதும் என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பது அந்த அட்டையைப் பார்த்தால் புரியும். பம்ப் இழுக்கும் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பதும் அதே ரகம். 2013-இல் துணை அதிபராக இருந்த ஜோ பைடன், வீட்டைக் காக்க இரட்டைக் குழல் துப்பாக்கி போதும், வெளியே வந்து இரண்டு முறை சுட்டால் வந்தவன் ஓடிவிடுவான் என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் காருக்குள் துழாவியவர்களை விரட்ட ஒருவர் ஷாட்கன்னால் சுட்டார். கைதான பிறகு பைடன் சொன்னதைத்தான் செய்தேன் என்றார். எச்சரிக்கைக்காகச் சுடும் குண்டும் எங்கேயோ போய் விழத்தான் செய்யும்.

ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்பேன். அது தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டையின் நீளம். விசைக்கும் தோளில் பதியும் நுனிக்கும் இடையே உள்ள தூரம் கடைத் துப்பாக்கிகளில் ஏறக்குறைய 14 அங்குலம். ஆறடி ஆளுக்கு அது சரி. நம்மவர்களில் பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சரிவராது. நண்பர் ஒருவரின் மனைவி ஐந்தடி ஓர் அங்குலம். அந்த நீளக் கட்டையைத் தூக்கியபோது நுனி தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவியது. இடது கை முன்பிடியை எட்டிப் பிடிக்கவே முழுதாக நீள வேண்டியிருந்தது. சுட்டதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. பம்பை இழுத்தார். பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்து நின்றது. காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொண்டது. கணவர் உடனே, பட்டறையில் கொடுத்து வழவழப்பாக்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்றார். நான் மறுத்தேன். மேக்புல் நிறுவனத்தின் கட்டை சுமார் நூறு டாலர். இடைத்தகடுகளைக் கழற்றினால் பன்னிரண்டரை அங்குலத்துக்குக் குறையும். அதை மாட்டிக் கொடுத்ததும் முழங்கை மடங்கியது, நுனி எலும்பருகே பதிந்தது, பம்ப் கடைசி வரை வந்து திரும்பியது. வேறு எதையும் நாங்கள் தொடவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த வீட்டில் கணவர் பயணத்தில் இருந்தால் துப்பாக்கியைத் தூக்கப்போவது மனைவிதானே. அவருடைய உடம்புக்குப் பொருந்தாத 2,000 டாலர் துப்பாக்கி யாரைக் காக்கும்?

கட்டைக்கு அடுத்து விளக்கு. முன்பிடியிலேயே விளக்கு பொருத்திய வகைகள் 150 டாலரை ஒட்டியே கிடைக்கின்றன. இருட்டில் எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருக்கலாம், தாமதமாக வந்த மாமனாராக இருக்கலாம். அதற்கு அடுத்து பூட்டும் பெட்டகமும் பயிற்சி வகுப்பும். வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு முன்னூறு, நானூறு டாலர் கேட்டால் பெரிய செலவு என்று தயங்குகிறவர்கள் துப்பாக்கிப் பூச்சின் நிறத்துக்கு அதே பணத்தை யோசிக்காமல் கொடுக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிறது.

வகுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு 1992-இல் லூசியானாவின் பாட்டன் ரூஜில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவர் முகவரி தவறி வேறு வீட்டின் அழைப்பு மணியை அடித்தார். அவர் கையில் இருந்தது கேமரா. வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றுவிட்டார். குற்றவியல் வழக்கில் நடுவர் குழு அவரை விடுவித்தது. 1994-இல் உரிமையியல் வழக்கில் 6,50,000 டாலருக்கு மேல் இழப்பீடு தரத் தீர்ப்பானது. 2023-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரானில், வழி தவறித் தன் வீட்டுப் பாதைக்குள் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்த காரை நோக்கி ஒருவர் ஷாட்கன்னால் சுட்டார். இருபது வயதுப் பெண் ஒருவர் இறந்தார். தடுமாறியதில் துப்பாக்கி தானாக வெடித்தது என்று அவர் தரப்பு வாதாடியது. நடுவர் குழு ஏற்கவில்லை. 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. இந்த இரண்டு வாசல்களிலும் எந்தப் பட்டறையின் கைவண்ணமும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்காது. சுடுவதற்கு முன் நிதானிக்கும் பழக்கம் காப்பாற்றியிருக்கும்.

டெக்சாஸ் சட்டம் வீட்டுக்காரருக்கு அனுகூலமானது என்பது உண்மைதான். 2007-இல் வந்த திருத்தத்தின்படி, பலவந்தமாக வீட்டுக்குள் புகுகிறவன் மீது உயிர்போகும் அளவு பலம் பயன்படுத்தினாலும் அது நியாயமான அச்சத்தால் என்றே முதலில் கொள்ளப்படும். ஆனாலும் விசாரணை உண்டு, துப்பாக்கி சாட்சியப் பொருளாகப் போலீஸ் காவலுக்குப் போகும். எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. விசையை இலகுவாக்கியிருந்தால், குழலில் மண்டையோடும் வீர வசனமும் பொறித்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விட்டுவைப்பார் என்று நான் நம்பவில்லை. மாற்றம் எதுவும் செய்யாத சாதாரணத் துப்பாக்கியில் அப்படிக் கேட்க எதுவும் இருக்காது.

பெட்டகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக வைப்பது இந்த மாநிலத்தில் குற்றம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வெளியே இருந்து வரும் திருடனைப் பற்றியே பேசும் நம் கூட்டங்களில் இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. வீட்டில் மனம் உடைந்திருக்கும் ஒருவர் இருந்தால், பதின்வயதுப் பிள்ளையின் போக்கு கவலை தந்தால், துப்பாக்கியை வாங்காதீர்கள். இருந்தால் வெளியேற்றுங்கள். விலை பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

போட்டிகளில் சுடுகிறவர்கள், நல்ல உலோக வேலையைக் காதலிப்பவர்கள் 2,500 டாலர் கொடுத்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கைவினையை ரசிப்பது நல்ல விஷயம். அதைக் குடும்பப் பாதுகாப்பு என்ற கணக்கில் எழுதாமல் ரசனைக் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக, உள்பெட்டியில் அடிக்கடி வரும் கேள்விக்குப் பதில். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை; கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கான மத்திய அரசின் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறினால் வாங்கலாம். கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி இன்னும் விசாவில் இருக்கிறார் என்ற வீடுகளில் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே சட்டப் பிரச்சினை ஆகலாம். அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வேட்டை உரிமம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் காட்டும் குறுக்குவழியை மட்டும் நம்பி விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.