தண்ணீர்மலையில் தண்ணீர் எங்கே?

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். தைப்பூசமும் இல்லை, கிருத்திகையும் இல்லை, பள்ளி விடுமுறையில் வந்த ஒரு புதன்கிழமை காலை. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கேட்டாள்: "அம்மா, தண்ணீர்மலைன்னு சொல்றோமே, தண்ணி எங்க இருக்கு?"

நாற்பது வருடமாக அந்தக் கோயிலுக்குப் போகிறேன். பால்குடம் எடுத்திருக்கிறேன். தம்பி காவடி எடுத்த வருடம் 513 படியும் அவன் பின்னாலேயே ஏறினேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெயர் வாயிலேயே பழகிவிட்டால் காதில் விழாது போலிருக்கிறது.

இறங்கி வந்ததும் காடியை எடுக்காமல் அப்படியே சாலையோடு மேலே நடந்தோம், பூமலைக்கு. தாவரவியல் தோட்டத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். 1884-இல் தொடங்கிய தோட்டம். அதற்குள் ஓடுகிறதே ஓர் ஓடை, அது அருவியிலிருந்து வருகிற தண்ணீர். பழைய முருகன் சந்நிதி இருந்தது அந்த அருவிப் பக்கம்தான். அருவியில் குளித்து, ஈரத் துணியோடு சாமி கும்பிட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்.

ஊருக்குக் குடிதண்ணீரும் அதே அருவியிலிருந்துதான் போனது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. ஊர் பெருத்தது, தண்ணீர் போதவில்லை. 1892-இல் அங்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். குடிக்கிற தண்ணீர் எடுக்கிற இடத்தில் பூசத்துக்குப் பூசம் அத்தனை கூட்டம் கூடுவதை வெள்ளைக்கார அரசாங்கம் விடுமா? கோயில் இடம் மாற வேண்டியதாயிற்று. இன்றைக்கு நாம் ஏறுகிற குன்றுக்கு முருகன் வந்தது 1915-இல். அருவி அங்கேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும் சாமியோடு கூடவே வந்துவிட்டது.

இதை நினைக்க நினைக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அருவிக்கு இப்போது பக்கத்தில் போக முடியாது, அது நீர் வழங்கல் வளாகம், கதவு போட்டிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. தண்ணீரைக் காப்பாற்றத்தான் வேண்டும். மகள் ஓடைக்கரையில் குந்தி, கையை விட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கும்மா" என்றாள். அந்த ஈரக் கையை அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தச் சாலையின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் ரோடு, மலாயில் ஜாலான் கெபுன் பூங்கா. ஒன்று அருவியைச் சொல்கிறது, இன்னொன்று பூந்தோட்டத்தைச் சொல்கிறது. மலையையும் தண்ணீரையும் சேர்த்து, அதையே சாமிக்கும் பேராக வைத்தது தமிழ்தான். காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் தண்ணீர்மலை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? வட்டித் தொழிலுக்குக் கடல் தாண்டி வந்தவர்கள், 1857-இல் இதே சாலையில் தங்களுக்கென்று ஒரு தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். 1894-இல் வெள்ளி ரதத்தையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஊருக்குத் திரும்பும்போது இங்கிருந்து ஒரு பெயரை எடுத்துப் போய்ச் செட்டிநாட்டில் பிள்ளைக்கு வைத்தார்கள். சாமியை நாம் இங்கே கொண்டுவந்த கதைதான் எல்லாருக்கும் தெரியும். இங்கிருந்து ஒரு சாமி பெயர் அங்கே போயிருக்கிறது!

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "வாட்டர்ஃபால் டெம்பிள்" என்பார்கள், இல்லையென்றால் "ஹில்டாப்". இதுதான் என்னை உறுத்துகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நாம்தான் அப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். தண்ணீர்மலை என்று சொன்னால்தானே ஒரு பிள்ளை "தண்ணி எங்க?" என்று கேட்கும்?

எங்கள் பாட்டியை ஆயா என்போம், அவர் இருந்தவரைக்கும் எங்களுக்கு ஊர் முழுக்க இப்படித்தான். மார்க்கெட் ஸ்திரீட் அவருக்குக் கடைத்தெரு. குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு (1833-இல் வந்த கோயில் அது) நேரே வீட்டுக்கு வர மாட்டார். சூலியா ஸ்திரீட் முனையில் நாகூர் தர்காவுக்குப் போவார். "நாகூர் ஆண்டவரைப் பாக்காம போகக்கூடாது, கடல்ல நம்மள பத்திரமா கொண்டாந்தவரு." நாகூரில் அடங்கியிருக்கிற ஷாகுல் ஹமீது ஆண்டவருக்கு இங்கே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நினைவிடம் அது. அங்கிருந்து திரும்பும்போது கபித்தான் கிளிங் பள்ளிவாசல். அது 1801-இல் தொடங்கியது, அதுவும் நம் கரையிலிருந்து வந்தவர்கள் கட்டியதுதான். அதைத் தாண்டிப் போனால் சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில். அந்த வாசலில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று கை கூப்பிவிட்டுத்தான் ஆயா பஸ் ஏறுவார். பயணிகள் கையேட்டில் அந்தப் பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் இருக்கிற தெருவை நல்லிணக்கத் தெரு என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லெல்லாம் ஆயாவுக்குத் தெரியாது. அவருக்கு அது கும்பிட்டுவிட்டு வருகிற வழி, அவ்வளவுதான்.

2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், விளக்கப் பலகை வைத்தார்கள், சரி. ஆனால் மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் வேல் போகிற வழி, தேங்காய் உடைகிற முச்சந்திகள், சீனர்கள் நம்மோடு சேர்ந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிற அந்த வாசல்கள், அருவி ஓடை, இதெல்லாம் எந்தப் பலகையில் இருக்கிறது? பூசத்தன்று அந்த வழி முழுக்கக் கோயில்தான். மறுநாள் தேங்காய்ச் சிரட்டையை அள்ளியதும் அது வெறும் ரோடாகிவிடுகிறது.

மலையடிவாரத்தில் ஒரு பலகை வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், தண்ணீர்மலை என்று. சாமி அருவியிலிருந்து இங்கே வந்த கதையும் அதில் இருக்க வேண்டும். கோயில் நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன், சேர்ந்து கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். அதுவரைக்கும் பிள்ளைகளைக் கூட்டமில்லாத ஒரு நாளில் அழைத்துப் போங்கள். படி ஏறி இறங்கியதும் வீட்டுக்கு ஓடாமல் பதினைந்து நிமிடம் நடந்து அந்த ஓடை வரைக்கும் போங்கள். குரங்குகள் இருக்கும், கையில் தீனிப் பை வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஊர்த் தெருக்களுக்கும் கோயில்களுக்கும் சொன்ன பழைய தமிழ்ப் பெயர்கள் ஏதாவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். மகள் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள், முதல் பக்கத்தில் கடைத்தெரு வரைக்கும் வந்திருக்கிறாள்.