விளக்கு எரிந்தது, எண் வரவில்லை

நோயாளி ஆளைக் கூப்பிட அழுத்தும் பொத்தானில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? எங்கள் வீட்டில் கட்டிலோடு கிடக்கும் 72 வயதுப் பெண்ணுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது, வருவார்கள். அந்தக் கருவியைச் செய்தவனுக்கோ வேறு அர்த்தம்: பொத்தான் அழுத்தப்பட்டது, அவ்வளவுதான். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் என் அம்மா இரண்டரை மணிநேரம் நனைந்த படுக்கையில் கிடந்தார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு மாசி மாதத்தில் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. நாங்கள் இருப்பது திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம், பழைய வீடு. அம்மாவின் அறை முன்னால் விறாந்தையை ஒட்டி இருக்கிறது. குசினியும் அக்கா படுக்கும் அறையும் பின்னால். இடையில் இரண்டு தடித்த சுவர்கள். முதலில் சாமியறை மணியை எடுத்துக் கட்டிலருகே வைத்தோம். இடக்கையால் அதைத் தூக்கி ஆட்டுவதற்குள் அம்மா களைத்துவிடுவார். கைத்தொலைபேசி கொடுக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கொடுத்துப் பார்க்காமலா இருந்தோம்? தொடுதிரையை நடுங்கும் இடக்கை விரலால் தொட்டு, பெயரைத் தேடி, அழைப்பை எடுப்பதற்குள் அவருக்குத் தேவையே மாறிவிடும். கூப்பிடச் சொல்லலாம் என்றால் குரல் எழுவதில்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் தகரக் கூரை இரவு முழுவதும் அடித்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் பேசுவதே கேட்காது.

அப்போதுதான் அந்தப் பேஜரைப் பற்றிச் சொன்னார்கள். நான்கு பொத்தான்கள், அவை அனுப்புவதைப் பெறும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குப் பெயர் வாங்கி. நோயாளி பொத்தானை அழுத்தினால் வாங்கியின் திரையில் எண் தோன்றும், மணி ஒலிக்கும். பட்டணத்தில் ஒரு கடையில் 8,500 ரூபா கொடுத்து வாங்கினேன். ஒருமுறை பூட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். "தம்பி, பற்றரியைப் போட்டால் வேலை செய்யும், அதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை" என்றார் கடைக்காரர். பெட்டியைக்கூட அவர் திறக்கவில்லை. வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார்.

பற்றரியைப் போட்டேன். வேலை செய்யவில்லை. செய்யாது. ஒவ்வொரு பொத்தானும் தனக்கென்று ஒரு குறியீட்டை வானொலி அலையில் அனுப்புகிறது. அந்தக் குறியீட்டை முதலில் வாங்கிக்குப் பழக்க வேண்டும். இந்தக் குறியீடு வந்தால் 1 என்று காட்டு, அது வந்தால் 2 என்று காட்டு என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின.

உள்ளே இருந்த காகிதத்தில் ஒரு பக்கம் சீனம். மறுபக்கம் ஆங்கிலம் போல ஒன்று. எழுத்துகள் எறும்பு அளவு. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டம் கடைப் பெட்டியைக் கட்டுப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நோயாளிக்கு என்று படம் போட்டு இந்த ஊரில் விற்கும் பொருளுக்கு இந்த ஊர் மொழியில் அரைப் பக்கம் அச்சிட்டு வைக்க யாரும் சட்டம் போடத் தேவையில்லையே! காகிதம் முழுவதும் மேசை, பரிசாரகர், பில் என்றே இருந்தது. உணவகத்துக்காகச் செய்த பொருளை எடுத்து, அட்டைப் பெட்டியில் ஒரு கிழவியின் படத்தை ஒட்டி விற்கிறார்கள். 12ஆம் மேசைக்காரருக்குத் தேநீர் பிந்தினால் அவர் எழுந்து போய்க் கேட்பார். என் அம்மா எங்கே எழுந்து போவார்?

வாங்கியின் முதுகில் நான்கு சின்ன விசைகள். எதிலும் சொல் இல்லை. ஒன்றை அழுத்திப் பிடித்தால் திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வரும். அது பதியும் நிலையா, அழிக்கும் நிலையா, ஒலியைக் கூட்டும் நிலையா என்று அந்தத் திரை சொல்லாது. எண் காட்டுவதற்கு ஏழு கோடுகளால் ஆன திரை அது, எழுத்தை அதில் பாதி ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஒரு விசையைச் சற்றே அழுத்தினால் கடைசி எண் அழிகிறது. அதே விசையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் பதிந்த எல்லாமே அழிகின்றன. நிச்சயமா என்று ஒரு கேள்வி இல்லை. அழிந்தது என்று ஓர் ஒலியும் இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள், அந்த இரவுக்கு இதுதான் காரணம்.

எப்படியோ பதிந்தோம். அடுத்த சிக்கல் எண்ணின் பொருள். அம்மாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தோம். ஒருமுறை அழுத்தினால் தண்ணீர், இருமுறை என்றால் கழிப்பறை, மூன்று முறை என்றால் வலி. நல்ல ஏற்பாடு என்று நினைத்தோம். திரையில் 1 நின்றுகொண்டிருக்கும்போது மறுபடி அதே பொத்தானை அழுத்தினால் இந்த வாங்கி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று முறை அழுத்தினாலும் ஒரே ஒலி. அம்மா வலியில் துடித்து மூன்று முறை அழுத்தியிருக்கிறார், அக்கா செம்பில் தண்ணீரோடு போய் நின்றிருக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

எண் தானாக எதையும் பேசாது. கைத்தொலைபேசி பரவுமுன், எண்ணை மட்டும் காட்டும் பேஜரைச் சட்டைப்பையில் வைத்திருந்த காலத்தவர்களுக்கு இது தெரியும். யப்பானில் பள்ளிப் பிள்ளைகள் 0840 என்று அனுப்பினால் அதைக் காலை வணக்கமாக வாசித்தார்கள், அவர்கள் மொழியில் அந்த எண்களின் ஒலி அப்படி. இருபக்கமும் பேசி வைத்துக்கொண்டதால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வந்தது. நாங்களும் கடைசியில் ஒரு பொத்தானுக்கு ஒரு தேவை என்று மாற்றினோம். அக்கா மூன்று பொத்தான்களிலும் நூல் சுற்றினாள். நீல நூல் தண்ணீர், மஞ்சள் கழிப்பறை, சிவப்பு வலி. வாங்கிக்கு மேலே சுவரில் 1, 2, 3 என்று எழுதி அதே நிறத்தில் கோடு போட்டாள். பொருளைச் செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டியதை ஏழாம் வகுப்பு நூல்பெட்டியை எடுத்து அவள் யோசித்தாள்.

பிறகு தூரம். பெட்டியில் 300 மீற்றர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. வெட்டவெளியில் என்று அதன் கீழே சிறிதாக. வெட்டவெளியில் யார் நோயாகக் கிடக்கிறார்கள்? எங்கள் வீட்டில் 12 மீற்றரைத் தாண்டவில்லை. இது 433.92 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் வேலை செய்யும் கருவி. அந்த அலையின் நீளம் சுமார் 69 சென்ரிமீற்றர், அதன் கால்பங்கான 17 சென்ரிமீற்றர் கம்பி இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். பொத்தானுக்குள் அதற்கு இடமேது? சுருட்டி மடக்கித் திணித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு நாங்கள் வாங்கியை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தோம். உலோகம் இந்த அலையை மறைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மேசை மீது, கதவுக்கு நேரே மாற்றி வைத்ததும் பிடித்தது. இரும்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்ற ஒரு வரிக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லாமல் போயிற்றா? இதே மாவட்டத்தில்தான் 1980களிலிருந்து ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் நின்றது, இங்கிருந்து சிற்றலையில் கடல் கடந்து குரல் போனது. வானொலி அலை எப்படிப் போகும் என்ற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விற்பவர்களுக்குத்தான் அக்கறை இல்லை.

இப்போது அந்த இரவு. மாலையில் நான்காவது பொத்தானையும் பதிந்து, படலையில் பொருத்தலாம் என்று எடுத்தேன். தவறான எண் விழுந்துவிட்டது. அதை மட்டும் அழிக்க விசையை அழுத்தினேன், விரல் கொஞ்சம் நீடித்திருக்க வேண்டும். மறுபடி பதிந்தேன், 4 வந்தது, மணி ஒலித்தது. சரி என்று விட்டுவிட்டேன். மற்ற மூன்றையும் சோதிக்காதது என் பிழை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பொத்தான்களை ஒரு சத்தமும் இல்லாமல் மறந்துவிட்டு, எதுவும் நடக்காதது போல நிற்கும் கருவியை நோயாளியின் தலைமாட்டுக்கு விற்றது யாருடைய பிழை?

இரவு ஒன்றரை மணிக்கு அம்மா மஞ்சள் பொத்தானை அழுத்தியிருக்கிறார். பொத்தானில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. காத்திருந்திருக்கிறார். மறுபடி அழுத்தியிருக்கிறார், மறுபடி எரிந்திருக்கிறது. வெளியே கச்சான். நான்கு மணிக்கு அக்கா தற்செயலாக எழுந்து போய்ப் பார்த்தபோது படுக்கை முழுவதும் ஈரம், அம்மாவின் கன்னமும் ஈரம். வாழ்நாள் முழுவதும் விடியமுன் எழுந்து கிணற்றடியில் குளித்துத் திருநீறு பூசிய மனுசி அவர். குழறிக் குழறி அவர் சொன்னது இரண்டே சொற்கள்: "விளக்கு எரிந்தது." எங்கள் மேல் கோபப்படக்கூட இல்லை. பிள்ளைகளுக்குக் கேட்டும் வரவில்லை என்றே அந்த இரண்டரை மணிநேரமும் நினைத்திருக்கிறார். ஈரம் துடைத்தால் போய்விடும். அந்த நினைப்பை எதைக் கொண்டு துடைப்பது?

விளக்கு பொய் சொன்னது. தன் பற்றரியில் உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே அதனால் சொல்ல முடியும். அலை வாங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா, வாங்கி அதை அடையாளம் கண்டதா, மின்வெட்டில் வாங்கியே அணைந்து கிடக்கிறதா, எதுவும் பொத்தானுக்குத் தெரியாது. அது ஒருவழிக் கருவி. பழைய பேஜர்களும் ஒருவழிதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் வழியில் பிழை வரும் என்று பயந்து செய்தார்கள். 1970களின் இறுதியில் பிரித்தானிய அஞ்சல் துறை கூட்டிய குழு வகுத்த, பேஜருக்குச் செய்தி அனுப்பும் பொக்சாக் என்ற முறையில் ஒவ்வொரு 32 பிட் (0 அல்லது 1 என்ற குறி) துண்டிலும் 11 பிட் பிழை பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தது. மீதியில் ஐந்து எண்கள்தான் பயணம் செய்யும். அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் பேஜரில் வந்தது ஒரு தொலைபேசி எண். டொக்டர் அதைப் பார்த்து, கிட்டிய தொலைபேசிக்கு ஓடி, அந்த எண்ணைச் சுழற்றி, சொல்லுங்கள் என்பார். அந்தத் திருப்பி அழைப்புத்தான் பதில். அது வராவிட்டால் தாதி மறுபடி முயல்வார், வேறு ஆளை அனுப்புவார். ஒருவழிக் கருவியை மனிதர்கள் தங்கள் வழக்கத்தால் இருவழியாக்கி வைத்திருந்தார்கள். 1995இல் மோட்டோரோலா பதில் அனுப்பும் பேஜரையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இன்றைக்கு இந்தப் பொருளைச் செய்பவர்கள் அந்தப் பதிலைப் பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கை வைத்துவிட்டார்கள். வாங்கியிலிருந்து ஒரு சின்ன அலை திரும்பி வந்தால்தான் விளக்கு எரிய வேண்டும். வராவிட்டால் எரியவே கூடாது. எரியாத விளக்கைப் பார்த்தால் அம்மா இடக்கையால் கட்டில் சட்டத்தையாவது தட்டியிருப்பார், செம்பைத் தள்ளி விழுத்தியிருப்பார். எரிந்த விளக்கு அவரைச் சும்மா இருக்க வைத்துவிட்டது.

பற்றரி கதையும் இதேதான். பேனா பற்றரியில் பாதி நீளம், 12 வோல்ட், உள்ளே எட்டுச் சின்னக் கலங்கள். அது தளரத் தளரத் தூரம் குறைகிறது, விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி நான் பட்டணம் முழுவதும் அலைந்தேன். கடைசியில் மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் இரண்டு கிடைத்தன. விற்ற கடையில் அந்தப் பற்றரியே இல்லை. விற்ற பொருளுக்குப் பற்றரி வைத்திருக்க மாட்டீர்களா என்று கேட்டால், இந்த மாதிரிச் சாமானுக்கு யாரும் திரும்பி வருவதில்லை தம்பி என்கிறார். வருவதில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளாவது யோசித்தாரா? நடந்ததைச் சொன்னேன். அவர் பொத்தானை வாங்கி அழுத்தி, எரிந்த விளக்கை எனக்குக் காட்டி, "வேலை செய்கிறதுதானே" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குமேல் நின்றிருந்தால் வாய் தவறியிருக்கும்.

வீட்டில் இதே கருவியைப் பூட்டியிருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்றிரவே எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒன்றைப் புதிதாகப் பதிந்தால் பழையவற்றையும் அழுத்துங்கள். மின்வெட்டு முடிந்து வெளிச்சம் வந்ததும் அழுத்துங்கள். பொத்தானின் விளக்கைப் பார்க்காதீர்கள், வாங்கியின் எண்ணைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு நாளும் இரவு பத்து மணிக்கு அம்மா நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்றையும் அழுத்துகிறார். அக்கா குசினியில் வாங்கிக்கு முன்னால் நிற்கிறாள், நான் நடு அறைக் கதவில் நிற்கிறேன். ஒவ்வோர் எண்ணும் தோன்றியதும் அவள் "வந்தது" என்கிறாள், நான் அதைத் திருப்பி அம்மாவுக்குக் கேட்கும்படி "வந்தது அம்மா" என்று சத்தமாகச் சொல்கிறேன். மூன்றாவதைக் கேட்ட பிறகுதான் அம்மா கண்ணை மூடுகிறார்.